உப்பில்லாத அட்டவணை

கோண்டாவில் கந்தோரில்
திங்கள் காலை பத்தேகாலுக்கு
தேடற்பெட்டியில் ‘உப்பு’ என்று அடித்தேன்.
பூச்சியம் வரிசைகள்.
‘உவர்’. பூச்சியம்.
‘சவர்’ என்றும் கேட்டேன், கடைசியில் ‘கிணறு’ என்றே கேட்டேன்.
ஆறாயிரத்து நானூறு கிணறுகளின் பதிவேட்டில்
ஒரு கிணறும் இல்லையாம்.

“உப்பில்லையெண்டால் நல்லதுதானே பிள்ளை,
பேப்பருக்குக் குடுங்கோ” என்றார் நிமலதாஸ்,
ஹெல்மெற்றைக் கழற்றாமலே.
பதினொரு வருசமாய் மோட்டார்சைக்கிளில்
அராலி, வேலணை, புங்குடுதீவு என்று
போத்தல்களோடு அலைந்து
அந்தக் குறிப்பெல்லாம் எழுதியவர் அவர்தான்.

மூல அட்டவணையைத் திறந்தேன். அங்கே எல்லாரும் சுகம்.
‘மாரிக்குப் பிறகும் உப்பு. மாடும் குடிக்குதில்லை.’
எழுத்துக்கு எழுத்து நிமலதாஸ்.
பக்கத்தில், தேடலுக்கென்றே வைத்த மற்ற அட்டவணை.
அதே வரிசை இலக்கம், அதே இடம், உள்ளே

à®‰à®ªà¯à®ªà¯

முதலில் எழுத்துருவைச் சந்தேகித்தேன்.
பிறகு உலாவியை.
கணினியை அணைத்துப் போட்டேன், எல்லாரும் செய்கிறதுதான்.
பிறகு வெட்கத்தோடு
ஒவ்வொரு பைட்டாய் எண்ணத் தொடங்கினேன்.

ஒரு தமிழெழுத்துக்கு மூன்று பைட்.
இரவு இரண்டு மணிக்குப் பிரதியெடுக்கும் நிரல்
வாசலில் ஒருவனை நிறுத்தியிருக்கிறது,
லத்தீன் மட்டும் தெரிந்தவன்.
மூன்று பேராய் வந்த குடும்பத்தை
மூன்று அந்நியராய்ப் பதிந்து
தனித்தனி அறைக்கு அனுப்பியிருக்கிறான்.
குற்றுக்கும் உகரத்துக்கும்
மூன்றாவது ஆள் கண்ணுக்கே தெரியவில்லை;
இரண்டும் ஒரே முகத்தோடு நிற்கின்றன.

உகரம் தனியாய் வருமிடத்தில் மட்டும்
வாலில் ஒரு குறி: ‰
அதை எனக்குத் தெரியும்.
ஆயிரத்தில் எத்தனை என்கிற குறி.
கீழே ஆய்வுகூடத்தில் கௌசிகா
கடல்நீருக்கு முப்பத்தைந்து போட்டு
பக்கத்தில் இடுவாளே, அது.
தமிழ் தெரியாத காவற்காரன்
உப்பை அளந்துதான் உள்ளே விட்டிருக்கிறான்,
இலக்கம் போட மறந்து.

தனியாய் இருந்து சிரிக்க
மத்தியானக் கந்தோர் நல்ல இடம்.

திருத்தம் ஒரு வரி. இணைப்பின் தொடக்கத்தில்
யுனிகோட் என்று எழுதினேன்.
அது நாளைக்கு வருகிறவர்களுக்கு.
ஏற்கனவே பிரிந்து கிடந்தவர்களுக்காக
சுட்டியைக் கலைத்து, அட்டவணையை வெறுமையாக்கி,
மூலத்திலிருந்து திரும்ப நிரப்பினேன்.
நடுவில் கரண்ட் போனது.
திரும்பவும் நிரப்பினேன்.

மூன்றரைக்கு ‘உப்பு’:
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு வரிசைகள்.
நிமலதாஸ் திரையைக் கனநேரம் பார்த்தார்.
“காலமை இருந்தது வடிவு” என்றார்.

ஒன்று மட்டும் எதற்கும் அசையவில்லை.
வேலணை, கிணறு நாலாயிரத்து நானூற்றுப் பதினெட்டு:

???? ???????? ?????

இது மூலத்திலேயே இப்படி. ஆறு வருசத்துக்கு முந்தி
வேறொரு வாசலில் வேறொருவன்
தெரியாததைத் தூக்கி எறிந்துவிட்டு
எறிந்த இடமெல்லாம் கேள்விக்குறி நட்டிருக்கிறான்.
கோணல் எழுத்தென்றால் நிமிர்த்தலாம்.
இதற்குள் எண்ணிக்கை தவிர எதுவும் மிச்சமில்லை.

கடைசிச் சொல்லுக்கு ஐந்து.
உ, ப, குற்று, ப, உகரம்: ‘உப்பு’ என்றால் ஐந்து.
ந, ன, குற்று, ற, உகரம்: ‘நன்று’ என்றாலும் ஐந்து.

“என்ன எழுதினீங்கள், ஞாபகம் இருக்கோ?”
“கிணத்தடியிலை ஒரு எலுமிச்சை நிண்டது” என்றார்.
“தண்ணி ஞாபகமில்லை.”

போத்தல் ஒன்றைக் கழுவி, இலக்கம் ஒட்டி நீட்டினேன்.
பண்ணைப் பாலத்தில் பின்னேரம் காத்து கடுமையாம்.
ஹெல்மெற் காலையிலிருந்தே தலையில்தான் இருந்தது.